சிலோன்காரர் வீட்டுப் பேரப்பிள்ளை எழுத உட்கார்ந்தால்

கேள்வி இது. கோத்தகிரிக்குக் கீழே குடியிருக்கும் ஒரு குடும்பம். தாத்தாவும் அப்பாயியும் 1970களில் சிலோனிலிருந்து ‘தாயகம் திரும்பியோர்’ என்ற கணக்கில் வந்தவர்கள். பேரப்பிள்ளைக்கு இதையெல்லாம் கவிதையாகவோ கட்டுரையாகவோ எழுத ஆசை. பேனாவை எடுத்தால் எல்லாம் ‘நான் யார்?’ என்ற ஒரே வரியில் போய் முட்டி நிற்கிறது. இலங்கை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையைப் படி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவரை எங்கிருந்து தொடங்குவது, வீட்டில் கிடக்கும் பழைய காகிதங்களை என்ன செய்வது, ‘சொந்த ஊர்’ என்று எதை எழுதுவது என்று கேட்கிறார்.

மூன்றும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதால் பதிலையும் அப்படியே கலந்து சொல்கிறேன்.

முதலில் ‘அடையாளம்’ என்ற சொல்லைக் கொஞ்ச நாளைக்குப் பரணில் போட்டுவிடுங்கள். அது உங்கள் வீட்டில் யாரும் பேசாத சொல். அப்பாயி பேசும் சொல் ‘பேர்’. மலையகத்தில், அதாவது இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில், பேர் என்றால் ஒரு நாள் கூலி. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்து, கேட்ட ராத்தல் (பவுண்டு) கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர். எடை குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாசம் எத்தனை பேரு?’ என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டால் ஆட்களை எண்ணவில்லை, சம்பள நாட்களை எண்ணுகிறாள். ஒரு மனுஷியின் பெயரும் அவளுடைய நாட்கூலியும் ஒரே சொல்லாகிப்போன இடம் அது. வேலைக்குப் போகாத நாளில் அவளுக்குப் பேர் இல்லை. இதை நீங்கள் விளக்க வேண்டியதில்லை, அதன்மீது தத்துவம் ஏற்றவும் வேண்டாம். அப்பாயி எந்த வாக்கியத்தில் அந்தச் சொல்லைச் சொன்னாரோ அந்த வாக்கியத்தோடு வைத்தால் வாசகர் பிடித்துக்கொள்வார்.

சி.வி. வேலுப்பிள்ளையை நான் பரிந்துரைப்பதும் இதற்காகத்தான். 1914இல் வட்டகொடைப் பக்கம் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர், கூலியாட்களை மேய்க்கும் கங்காணிக் குடும்பம். இந்தப் பிறப்பை மறந்துவிட்டு அவரைப் படிக்கக் கூடாது. கொழுந்து கிள்ளியவர் அல்லர், கொழுந்து கிள்ளியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த இடைவெளியை அவர் ஒளித்ததில்லை. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. தனக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கு இனி ஓட்டே இல்லை என்ற நிலையில் நின்று எழுதியவர் என்று நினைத்துக்கொண்டு அவருடைய பக்கத்தைத் திறங்கள். குரலில் ஏன் கூச்சல் இல்லை என்பது அப்போது புரியும்.

அவருடைய புகழ்பெற்ற நீள்கவிதை 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதைச் சக்தி அ. பாலையா தமிழாக்கி, 1969இல் ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று வந்தது. பலரும் அங்கேயே தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். என் யோசனை தலைகீழ். முதலில் அவர் தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’, பிறகு ‘நாடற்றவர் கதை’ கட்டுரைகள், கடைசியில் அந்தக் கவிதை. காரணம் எளிது. கவிதையின் தமிழ் வடிவம் பாலையாவின் நடை, செய்யுள் ஓசை கூடியது. முதலில் அதைப் படித்தால் ‘இப்படித்தான் பாட வேண்டும்’ என்று உங்கள் கை அந்த ஓசைக்குப் பழகிவிடும். நாட்டார் பாடல்களை முதலில் படித்தவருக்கு, சி.வி. எங்கிருந்து எடுத்தார் என்ற ஊற்று தெரிந்திருக்கும். இவற்றில் பலவும் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தில் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. போனில் படிப்பதைவிட இருபது முப்பது பக்கம் அச்செடுத்து, ஓரத்தில் பென்சிலால் குறித்துப் படிப்பது நல்லது.

ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். மலையகத்தில் எல்லோருக்கும் தெரிந்த நாலு வரிப் பாட்டு. கோப்பிக் கன்று போட்ட மலையையும், அண்ணனைப் பறிகொடுத்த மலையையும் பாடுகிறவள் அடுக்கிச் சொல்லி, கடைசியில் ‘அதோ தெரியுது பார்’ என்ற தொனியில் முடிக்கிறாள். அழுகை, கண்ணீர், துயரம் என்று ஒரு சொல்கூட இல்லை. இறந்தான், மாண்டான் என்றும் இல்லை. அவள் சொல்லும் சொல் ‘தோத்த’. அண்ணனைத் தோத்த மலை. சூதாட்டத்தில் காசைத் தோற்பதுபோல, வழக்கில் நிலத்தைத் தோற்பதுபோல அண்ணன் போனான். அப்புறம் விரலை நீட்டி மலையைக் காட்டுகிறாள். முதலில் வேலை, அடுத்து இழப்பு, பிறகு இடம், அவ்வளவுதான். அந்த மலை இன்றும் அங்கேதான் நிற்கிறது, அவள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் கொழுந்து எடுக்கிறாள் என்பது சொல்லாமலே வந்துவிடுகிறது. சி.வி.யின் நீள்கவிதையில் தேயிலைத் தூருக்கு அடியில் கல்லறை இல்லாமல் புதைந்து கிடக்கும் மூதாதைகள் வருகிறார்களே, அவர்கள் இந்தப் பாட்டிலிருந்து நடந்து வந்தவர்கள்தான்.

இந்த ‘வேலை, இழப்பு, இடம்’ என்ற வரிசையை உங்கள் கதைக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான புதிய எழுத்து இழப்பில் தொடங்கி இழப்பிலேயே முடிகிறது. வேலையும் இடமும் இல்லாததால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய கவிதையாகிவிடுகிறது.

இனி ‘தாயகம் திரும்பியோர்’ என்ற சொல். இது அரசாங்கச் சொல். 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று ஒரு தொகை வைத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அந்த மீதியை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாக 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கையில் நாலு பேருக்குக் குடியுரிமை என்பது விகிதம். 5,25,000ஐயும் 3,00,000ஐயும் வகுத்தால் அந்த ஏழும் நாலும் வரும். மனுபோட வேண்டிய காலம் 1970 ஏப்ரலில் முடிந்தபோது இந்தியாவுக்கு என்று விண்ணப்பித்தவர்கள் அந்த 5,25,000ஐ எட்டவில்லை, இலங்கையிலேயே இருக்கிறோம் என்றவர்கள் ஒதுக்கீட்டைப்போல் இரு மடங்குக்கும் மேல். ‘திரும்புதல்’ என்ற சொல்லை அந்த மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வந்தவர்களிலும் பாதிக்குமேல் அங்கேயே பிறந்தவர்களாக இருந்திருப்பார்கள். பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது?

ஆனால் இந்த எண்களையெல்லாம் ஒரே கட்டுரையில் கொட்டாதீர்கள். ஒரு கட்டுரைக்கு ஓர் எண் போதும். ஏழுக்கு நாலை எடுத்தால் அதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். உங்கள் தாத்தாவின் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் யார் இந்தியாவுக்கு மனுப் போட்டார், யார் போடவில்லை, கட்டிக்கொடுத்த அக்கா எந்தப் பக்கம் நின்றாள்? விகிதம் ஒரு வீட்டை எப்படி வெட்டியது என்று காட்டினால் ஒப்பந்தத்தை வாசகர் தானே புரிந்துகொள்வார்.

சொற்களில் இன்னொரு எச்சரிக்கை. ‘புலம்பெயர்’ என்பது பழைய சொல், பட்டினப்பாலையிலேயே காவிரிப்பூம்பட்டினத்தில் கலந்து உறையும் புலம்பெயர் மாக்கள் வருகிறார்கள். ஆனால் இன்று அந்தச் சொல்லைச் சொன்னால் கனடாவும் பிரான்சும்தான் ஞாபகம் வரும். 1983க்குப் பிறகு வந்து முகாம்களில் இருக்கும் அகதிகளையும், ஒப்பந்தத்தின்கீழ் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த உங்கள் வீட்டாரையும் ஒன்றாக எழுதுவது இன்னொரு தவறு. சட்டப்படி இரண்டும் வேறு நிலை. முகாம்களில் இருப்பவர்களிலும் மலையக வேர் கொண்டவர்கள் நிறையப் பேர் உண்டு, அதனால் இந்தக் கோடு ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஓடலாம். அது எழுத வேண்டிய விஷயம், குழப்பக் கூடாத விஷயம்.

காகிதங்களுக்கு வருவோம். வீட்டில் மூன்று வகை இருக்க வாய்ப்பு உண்டு. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் கொடுத்த கடவுச்சீட்டு, மறுவாழ்வுக்கான குடும்ப அட்டை, தோட்டத்துச் சம்பளச் சீட்டோ பிறப்புப் பதிவோ. நீலகிரியில் இவற்றுக்கு முதல் எதிரி ஈரம். தென்மேற்கு மழை ஓய்வதற்குள் ஐப்பசி அடைமழை வந்துவிடும். பாலித்தீன் பையில் இறுக்கக் கட்டி வைத்தால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சணம் பிடித்து எழுத்து உப்பிப் போகும். அதைவிடக் கொடுமை லேமினேஷன். சூடு பட்டதும் பழைய மை பரவும், பிறகு அந்தப் பிளாஸ்டிக்கைக் காகிதத்தைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. வெயில் அடிக்கும் ஒரு பகலில் வெளியே எடுத்து நிழலில் ஒரு மணிநேரம் காற்றாட விடுங்கள். துவைத்த பருத்தித் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில், சுவரோடு ஒட்டாத இடத்தில் வையுங்கள். அதற்கு முன்னால் போட்டோ. பிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், நேர் மேலிருந்து. ஒவ்வொரு பக்கமும் இரண்டு தடவை. வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். யாரோ பென்சிலில் கூட்டல் கணக்குப் போட்டிருப்பார்கள். சில சமயம் கடவுச்சீட்டை விட அந்தக் கணக்குத்தான் எழுதத் தகுந்தது.

படிக்கும்போது ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய கிளார்க்கு ஒரு எழுத்தை விழுங்கியிருப்பார், அந்த விழுங்கிய பெயர்தான் இன்று உங்கள் அப்பாவின் இனிஷியலில் உட்கார்ந்திருக்கும். வயது வீட்டில் சொல்லும் கணக்கோடு ஒத்துப்போகிறதா? அநேகமாகப் போகாது. யார் யார் ஒரே குடும்பமாக எழுதப்பட்டிருக்கிறார்கள், யார் விடுபட்டிருக்கிறார்கள்? பூர்வீக ஊர் என்ற இடத்தில் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் என்று ஏதோ ஒரு கிராமப் பெயர் இருக்கும். அந்த ஊரை உங்கள் தாத்தா பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

தேதிகளைச் சரிபார்க்க ஓர் உதாரணம். ‘ஒப்பந்தத்தில் தாத்தா தனுஷ்கோடியில் வந்து இறங்கினார்’ என்று பலர் எழுதுகிறார்கள். ஒப்பந்தம் அக்டோபரில். அதே 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டது. ஒப்பந்தத்தில் வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். பெரும்பாலும் ‘ராமானுஜம்’ கப்பல். கொள்ளுத்தாத்தா போகும்போது தனுஷ்கோடி வழியாகப் போனார் என்றால், 1914இல் பாம்பன் பாலமும் போட் மெயில் ரயிலும் வந்த பிறகு போயிருந்தால் பொருந்தும். இன்னொன்று, மண்டபம் முகாம். சிலோனுக்குக் கூலியாகப் போனவர்களைத் தடுத்து வைத்து, ஊசி போட்டு அனுப்பிய இடம் அது. திரும்பி வந்தவர்களை முதலில் தங்கவைத்ததும் அதே இடம். கொள்ளுத்தாத்தா போனதும் தாத்தா வந்ததும் ஒரே முகாம் வழியாக. இதை நான் கற்பனையில் எழுதியிருந்தால் ‘ரொம்பச் செயற்கை’ என்று அடித்திருப்பேன்.

அப்பாயியிடம் கேட்பது தனிக் கலை. ‘அங்கிருந்து கிளம்பும்போது எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘என்னத்த சொல்றது சாமி’ என்று முடிந்துவிடும். உணர்ச்சியைக் கேட்காதீர்கள், வரிசையைக் கேளுங்கள். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) ஸ்டேஷனுக்கு எதில் வந்தீங்க? எந்த ஸ்டேஷன்? கோச்சி (ரயில்) எத்தனை மணிக்கு? மலையிலிருந்து இறங்கி, பொல்காவலையில் வடக்குப் பாதைக்கு மாறி, மதவாச்சியில் பிரிந்து தலைமன்னார் போவது நீண்ட பயணம். வழியில் என்ன சாப்பிட்டீங்க, பிள்ளையை எங்கே படுக்க வெச்சீங்க? அந்த ரயிலுக்கு மலையகத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்று பேர். அந்தப் பேரை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். அவர் வாயிலிருந்து வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஒரு தடவைக்கு முக்கால் மணிநேரத்துக்கு மேல் வேண்டாம். பதிவு போனிலேயே போதும். ஆனால் அடுப்பங்கரையில் குக்கர் சத்தத்துக்கும் மழை விழும் தகரக் கூரைக்கும் கீழே உட்காராதீர்கள், பாதி வார்த்தை போய்விடும். முடிந்தால் தேயிலைக்குள் கூட்டிப்போய்ப் பேசுங்கள். கை செடியில் பட்டதும் ‘அங்கே மட்டக்கம்பு வெச்சுத்தான் எடுப்போம், இங்கே கத்தரியால வழிச்சுடறாங்க’ என்று தானே ஆரம்பிப்பார். மட்டக்கம்பு என்பது செடிமேல் கிடத்தி, எந்த மட்டத்துக்கு மேல் உள்ள கொழுந்தைக் கிள்ளலாம் என்று பார்க்கும் நேரான கம்பு. கவ்வாத்து (செடியை வெட்டிவிடுவது), படங்கு (இடுப்பில் கட்டும் சாக்கு), கொந்தரப்பு (ஒப்பந்த வேலை), பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்), இஸ்டோரு என்று சொற்கள் வரிசையாக வரும். அங்கே தேயிலைத் தொழிற்சாலையே இஸ்டோருதான். இருபது ராத்தல் என்று சொன்னால் ஒன்பது கிலோ என்று மாற்றி எழுதாதீர்கள். அவர் முதுகில் ஏறியது ராத்தல்தான்.

பேச்சில் விழும் பெரிய பள்ளம் இங்கே ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எழுதப்படும் கதைகளில் சிலோன்காரர் வந்தாலே ‘ஓம், கதைக்கிறன், விளங்குதே’ என்று யாழ்ப்பாணத் தமிழ் பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் அப்பாயி அப்படிப் பேசுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். மலையகத் தமிழ் திருச்சி, சேலம் பக்கத்துப் பேச்சின் தொடர்ச்சி. அதற்குள் கோச்சி, பாண், சல்லி என்று அந்தத் தீவில் பழகிய சொற்களும், பிரட்டு, கண்டாக்கு (வேலையை மேற்பார்ப்பவர்), லயம் என்று துரைமார் வாயிலிருந்து விழுந்து உருமாறிய சொற்களும் உட்கார்ந்திருக்கும். இங்கே வந்து ஐம்பது வருஷத்தில் எந்தச் சொல் உதிர்ந்தது, எது நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேத்தண்ணி ‘டீ’ ஆகியிருக்கும். ஆனால் கோபம் வந்தால் எந்தத் தமிழ் வருகிறது என்று பாருங்கள்.

இப்போது கவிதை. எல்லோரும் முதலில் எழுதும் கவிதை ஏறத்தாழ இப்படி இருக்கும் (கேலிக்கு இல்லை, காட்டுவதற்காக நானே கட்டியது):

வேரறுந்த மரமானேன்
இரு கரைக்கும் சொந்தமில்லை
தேயிலையே நீ சொல்லு
நான் யார்?

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை மொரீஷியஸ்காரரும் எழுதலாம், பிஜிக்காரரும் எழுதலாம். வேர், கரை, மரம் எல்லாம் ஆயிரம் கை பட்டுத் தேய்ந்த காசுகள். தேநீரில் ரத்தம் தெரிகிறது என்ற உவமையும் அப்படித்தான், தயவுசெய்து வேண்டாம். ‘அங்கே கள்ளத்தோணி, தோட்டக்காட்டான்; இங்கே சிலோன்காரன்’ என்ற வரியும் உண்மைதான், வலிக்கும் உண்மை. ஆனால் மேடையில் அவ்வளவு தடவை சொல்லப்பட்டுவிட்டதால் கைதட்டல் மட்டும்தான் கிடைக்கும். அதை எழுதியே ஆக வேண்டுமென்றால் யார், எந்த இடத்தில், என்ன வேலைக்குப் போனபோது சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அதே விஷயத்தைக் காகிதத்திலிருந்து தொடங்கினால்:

பாஸ்போர்ட்டில் அப்பாயிக்கு முப்பத்தொன்று.
அப்பாயி கணக்கில் முப்பத்தாறு.
மீதி அஞ்சு வருசத்தை
தலைமன்னாருக்கு அந்தப் பக்கமே
நிறுத்திவைத்துவிட்டார் ஒரு கிளார்க்கு.

இது பெரிய கவிதை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கே நகர்கிறது பாருங்கள். இரண்டு எண், ஓர் ஊர், ஒரு வினை. ‘நிறுத்திவைத்துவிட்டார்’ என்பது சோதனைச் சாவடியில் ஆளை நிறுத்துவதற்கும் பொருந்தும், கணக்கில் பணத்தை நிறுத்துவதற்கும் பொருந்தும். இங்கே ‘பாவம்’, ‘கொடுமை’ என்று ஒரு சொல் சேர்த்தால் எல்லாம் சரிந்துவிடும். ‘பறித்துக்கொண்டார்’ என்று மாற்றினாலும் சரியும், ஏனென்றால் கிளார்க்கு வில்லன் இல்லை, அவருக்கு மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருக்கலாம். கவிதைக்கு அடிக்குறிப்புப் போடாதீர்கள். தலைமன்னார் தெரியாத வாசகர் தேடிக்கொள்ளட்டும். குறிப்பு இல்லாமல் நிற்காத வரி என்றால் அது கட்டுரைக்குப் போக வேண்டிய வரி.

கட்டுரையா கவிதையா என்று கேட்டதற்கும் இதுதான் பதில். முரண்பாடு இருக்கும் இடம் கட்டுரைக்கு. தாத்தா ‘நாமளாத்தான் வந்தோம்’ என்கிறார், அப்பாயி ‘அனுப்பிட்டாங்க’ என்கிறார் என்றால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, தீர்ப்புச் சொல்லாமல், ஏன் இருவரும் அப்படி நினைக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். முதல் கட்டுரை ஆயிரத்து ஐந்நூறு சொல்லைத் தாண்ட வேண்டாம். ஒரு காகிதம், ஒருவருடைய பேச்சு, நீங்களே நடந்து பார்த்த ஓர் இடம், இந்த மூன்றும் இருந்தால் எழுதத் தொடங்கலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் இன்னும் காத்திருங்கள். சரித்திரச் சுருக்கத்தை முதல் பத்தியில் வைக்காதீர்கள். 1820களில் கோப்பித் தோட்டம், 1867இல் தேயிலை, பிறகு சட்டம், பிறகு ஒப்பந்தம் என்று ஆரம்பித்தால் பாட்டி வருவதற்குள் வாசகர் போய்விடுவார்.

நடந்து பார்க்கும் இடம் என்றேனே, அதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். நீலகிரியில் உங்கள் வீட்டார் வந்து இறங்கிய மண் காலி மண் அல்ல. 1968இல் வனத்துறை தாயகம் திரும்பியோருக்காகத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது, அது பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் என்று செடி போனது. அந்தச் செடி நின்ற இடத்தில் முன்பு என்ன இருந்தது, யார் நடமாடினார்கள்? கூடலூர், பந்தலூர்ப் பக்கம் என்றால் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர். கோத்தகிரிப் பக்கம் என்றால் படகர் ஹட்டிகள், கோத்தர் ஊர், சரிவில் இருளர், குறும்பர். உங்கள் தாத்தா காட்டை வெட்டிக் குழி எடுத்தார் என்று பெருமையாக எழுதும் வரியை ஒரு காட்டுநாயக்கர் பையன் படித்தால் எப்படிப் படிப்பான் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். குற்ற உணர்வில் மார்பில் அடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. வெட்டச் சொன்னது யார், வெட்டியது யார், இடம் விட்டது யார் என்ற மூன்றையும் பெயரோடு எழுதச் சொல்கிறேன். தாத்தாவும் அங்கே நாட்கூலிதான், அதையும் சேர்த்துத்தான்.

கூடலூரில் உறவினர் இருந்தால் பட்டா கதையைக் கேட்டு வையுங்கள். அங்கே ஜன்ம நிலம் என்று, நிலக்கிழார் பரம்பரை உரிமையாக வைத்திருந்த பழைய வகை உண்டு. 1969இன் கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தில் 17ஆவது பிரிவுக்குள் மாட்டிய நிலங்களில் பல தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோர் மட்டும் இல்லை, கேரளத்திலிருந்து வந்தவர்களும் அதில் உண்டு. தோட்டத்து லைன் வீட்டில் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல், வேலை இருக்கும்வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். அங்கேயும் பேர் இருந்தால்தான் காம்பரா என்ற லயத்து அறை, இங்கேயும் அப்படித்தான். நான் மேலே சொன்ன ‘பேர்’ இங்கே மறுபடி வந்து நிற்பதைக் கவனியுங்கள். இந்த மாதிரித் தானாக வந்து சேரும் சொல்லைச் சுற்றித்தான் கட்டுரை கட்ட வேண்டும்.

கடைசியாக ஊர். தமிழில் ‘சொந்த ஊர் எது?’ என்பது முகவரி கேட்கும் கேள்வி இல்லை. சாதி, குலதெய்வம், செத்தால் எங்கே எடுத்துப்போவது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கும் கேள்வி. அதனால் பதிலையும் அந்தப் பக்கத்திலிருந்தே தேடுங்கள். உங்கள் குலதெய்வம் எது? கோயிலை விட்டுத் தூரம் போகிறவர்கள் அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். பிடிமண் என்பார்கள். உங்கள் வீட்டில் சிலோனுக்குப் பிடிமண் போனதா? தோட்டத்தில் எந்த மரத்தடியில் வைத்தார்கள்? திரும்பி வரும்போது அங்கிருந்து மண் எடுத்து வந்தார்களா, இல்லை மூல ஊருக்குப் போய்ப் புதிதாக எடுத்தார்களா? அல்லது கோத்தகிரியில் வந்த பிறகு மாரியம்மனே போதும் என்று விட்டுவிட்டார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பெரியவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள். மண் எந்தத் திசையில் நகர்ந்தது என்று தெரிந்தால், எந்த ஊரை அவர்கள் ஊராக வைத்திருந்தார்கள் என்பது உங்களுக்கு விளங்கிவிடும்.

வெளியிடும் முன் ஒரு வேலை. கடவுச்சீட்டுப் படத்தைப் போடுவதாக இருந்தால் எண்ணையும் முழுப் பெயரையும் மறைத்துவிடுங்கள். எழுதியதை அப்பாயிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். ‘இது வேண்டாம்பா’ என்று அவர் சொல்லும் இடத்தை எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும்.

பத்திரிகை உங்களைப் பற்றி ஒரு வரிக் குறிப்புக் கேட்கும், ஊர் போடச் சொல்லும். தோட்டத்துப் பெயர், பூர்வீகக் கிராமம், இப்போதிருக்கும் இடம் என்று மூன்றையும் கோடு போட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் பஸ் போர்டு மாதிரி இருக்கும். ராத்திரி எந்த ஊரில் படுக்கிறீர்களோ அதை மட்டும் போடுங்கள். மற்ற இரண்டும் கட்டுரைக்குள் வரட்டும்.